துரையின் பெயர் அல்ல, எங்கள் ஊர்ப் பெயர்

நீங்கள் பொய் சொன்னீர்கள், கிராணி ஐயா. தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னீர்கள். எங்கள் அப்பாவின் அம்மா தோட்டத்துத் துரையோடு இருந்தவள், அதனால்தான் அந்தக் குடும்பத்துக்கு வெள்ளைக்காரப் பெயர் என்று என் அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் சொன்னீர்கள். சொன்ன இடம் நம் மாதா கோயில் மண்டபம். சொன்னபோது உங்கள் கையில் கோப்பிக் குவளை இருந்தது. போன மாதம் புதிதாக வந்த சாமியாரிடமும் அதையே சொல்லியிருக்கிறீர்கள். அவர் என்னைப் பார்க்கும்போது ஒரு மாதிரி பரிதாபமாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுத எனக்கு வராது. பல வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள் நான். "உள்ளே போ, உள்ளே போ" என்று கத்தத்தான் தெரியும். ஆகவே இதையும் கத்துவது போலத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் யார் வீட்டுக் கதை என்று ஈப்போ முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பெயரில் வேறு குடும்பம் கிடையாது. ஈப்போவில் இல்லை, பேராவில் இல்லை, நான் விசாரித்தவரை மலேசியாவிலேயே இல்லை. உங்கள் பெயரையும் எழுதவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

இந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போனது ஒரு கூத்து. கான்வென்ட்டில் முதல் நாள் மதர் பெயரைக் கூப்பிட்டு நிமிர்ந்து பார்த்தார். வகுப்பில் வெள்ளைத் தோலோடு யாராவது எழுவார்கள் என்று தேடினார். நான் எழுந்தேன். என் நிறம் புதிதாகப் போட்ட ரோட்டின் நிறம். மதர் மறுபடி கூப்பிட்டார். நான் மறுபடி எழுந்தேன். "உட்கார், நான் உன்னைக் கூப்பிடவில்லை" என்றார். என் அக்காவுக்கும் அதற்கு முன்பே அப்படித்தான் நடந்ததாம். அவள் அழுதாள். நான் உட்காரவில்லை.

அப்பா அந்தப் பெயரை எப்படி வைத்துக்கொண்டார் என்பதில் ஒரு மர்மமும் இல்லை. சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தபோது தன் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்து ஆட்கள் பலரும் அப்படித்தான். இன்ன ஊர் இன்னார். அப்பாவுக்கு அந்த ஊர் தெரியாது. அவர் கண்டதெல்லாம் வரிசை வீட்டு லயமும் ரப்பர்ப் பால் மரமும் அந்தத் தோட்டத்து ஆறும்தான்.

அம்மா வேதக்காரக் குடும்பம். அவளைக் கட்டிக்கொள்வதற்காக அப்பா ஞானஸ்நானம் வாங்கினார். வெள்ளைக்காரச் சாமியார் குடும்பப் பெயர் என்னவென்று கேட்டபோது அப்பா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "அப்பா ஊர்ப் பேர முன்னால போட்டாரு, எனக்கு இதுதான் ஊரு, இதையே போட்டுக்கிறேன் சாமி" என்றாராம். சாமியார் வாய்விட்டுச் சிரித்து, இன்னொரு முறை கேட்டு, தண்ணீரை ஊற்றிவிட்டார்.

அது ஒரு மனுசனுடைய பெயர் என்று லயத்தில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? துரைமார்களை யார் சொந்தப் பெயரால் கூப்பிட்டார்கள்? ஒருவர் சுருட்டுத் துரை, ஒருவர் மொட்டைத் துரை. எப்போதும் நாயோடு நடந்தவர் நாய்த் துரை. ரோட்டு முக்கில் பலகையில் எழுதியிருந்த இங்கிலீஷ் பெயர் எங்களுக்கு இடத்தின் பெயர், அவ்வளவுதான். சுங்காய் மாதிரி, தாப்பா மாதிரி.

நீங்கள் அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வந்தது அப்பாவுக்குக் கல்யாணமான பிறகு. ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த மீசைக்காரர் படத்தைக் காட்டி அப்பாவிடம் சொன்னதே நீங்கள்தான்.

"இவன்தாண்டா உன் பேருக்குச் சொந்தக்காரன். காட்ட வெட்டித் தோட்டம் போட்ட மொதத் துரை. ரெண்டு வருசந்தான் இருந்தான். காய்ச்சல் வந்து சீமைக்கு ஓடிப்போய் அங்கேயே செத்துட்டான். அப்ப உங்கப்பன்லாம் கப்பலப் பாத்திருக்க மாட்டான்."

அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியா? மீசை நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு பால் எடுக்க மரம் வெட்டப் போய்விட்டார். இதை அவர் எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். ஆக, உங்களுக்குத் தெரியும். இதை மனதில் வையுங்கள். கடைசியில் கேட்பேன்.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பால் மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள், பலகையை மாற்றினார்கள். நாங்கள் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தோம். அப்பா ஈயம் தோண்டும் லம்பத்தில் பம்பு ஓட்டினார், அக்கா தையல் கடையில் உட்கார்ந்தாள், நான் பஸ்ஸில் ஏறினேன். நீங்களும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதே புந்தோங்குக்கு வந்து, கோயில் சபைச் செயலாளராகி, பூசை முடிந்ததும் மைக்கில் அறிவிப்பு வாசிக்க ஆரம்பித்தீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் அக்காவுக்கு வரன் வந்தது. வரன் வந்தது என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் ஆம்புலன்ஸ் வந்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வண்டி டிரைவர். இன்றைக்குத் தெலுக் இந்தான் என்கிற ஊர்தான் அவருக்கு. நோயாளியை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அக்காவின் தையல் கடை வாசலில் வண்டி நிற்கும். எத்தனை சட்டைதான் ஒரு மனுசனுக்குப் பித்தான் அறுந்து போகும்? கடைச் சீனத்தி முதலாளியே ஒரு நாள் அக்காவிடம், "இந்த ஆளுக்குச் சட்டையில கோளாறு இல்ல, நெஞ்சுல கோளாறு" என்று மலாயில் சொல்லிச் சிரித்தாளாம். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்.

ஆனால் அவரை உங்கள் மச்சினன் மகளுக்குப் பார்க்கலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தீர்கள். மாப்பிள்ளையின் அம்மா ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு வந்து, எங்களைப் பற்றி உங்களிடமே விசாரித்தார். நீங்கள் கோப்பியை ஊதிக்கொண்டே, "தொரை பேரு சும்மா வருமாலா? கெழவி காலத்துல என்னமோ நடந்திருக்கும். நமக்கெதுக்கு" என்றீர்கள். பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் தோழி கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்தப் பக்கம் வந்தேன், தண்ணி குடிச்சிட்டுப் போலாம்னு ஏறினேன் என்றார். தெலுக் இந்தானிலிருந்து புந்தோங்குக்குத் தண்ணீர் குடிக்க வந்த முதல் ஆள் அவர்தான். அக்காவை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, கண்ணுக்குள் கண்ணை விட்டுப் பார்த்தார். பிறகு கூந்தலை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னத்த, பேன் பாக்குறீங்களா?" என்றாள் அக்கா.

"இல்லமா. கொஞ்சம் செம்பட்டையா இருக்கேன்னு…"

"அது எண்ணெ வெக்காததுத்த. எண்ணெ வெச்சா நானும் தமிழச்சிதான்."

அத்தை போன பிறகு சேதி வந்தது. கொஞ்ச நாள் போகட்டுமாம். கொஞ்ச நாள் போகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆம்புலன்ஸும் வருவது நின்றது. அவருடைய அம்மா அழுது பிடித்த பிடியில் டிரைவர் வேறு ரோட்டில் போகிறார் என்று கேள்விப்பட்டோம்.

நான் லீவு போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்கே போய் நின்று கத்தினேன். தோட்டத்துப் பெயரை எங்கள் அப்பா ஊர்ப் பெயராக வைத்துக்கொண்டார் என்று சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா, "தோட்டத்துப் பேர யாரும்மா வெச்சிக்குவா? நாங்களும் தோட்டத்துல இருந்தவங்கதான்" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் அப்பாவைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்யவில்லைதான். என் கத்தலால் நம்பிக்கை கூடவில்லை. இவ்வளவு கத்துகிறாளே, ஏதோ இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "மாப்புள ஊருக்கே வெள்ளக்காரன் பேருதானே இருக்கு? அப்ப ஊரு பூரா அவனுக்குப் பொறந்ததான்னு கேட்டுட்டு வந்திருக்கணும் நீ." உண்மைதான். அந்தக் காலத்தில் அந்த ஊர் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயரில்தான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அக்கா மட்டும் சிரிக்காமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரே தலையணை உறையைத் தைத்துப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அந்த வெள்ளைக்காரர் பஸ்ஸில் ஏறினார்.

நான் அன்று ஈப்போவிலிருந்து சுங்காய் போகிற வண்டியில் இருந்தேன். வயசான ஆள், ஒட்டடைக் கம்பு உயரம், கையில் குடை. எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்டேன். எங்கள் பெயரைச் சொன்னார். எங்கள் தோட்டத்தை. கேட்டுப் பல வருடமாகியிருந்தது.

"அந்தத் தோட்டம் இப்போ இல்லை" என்றேன், என் பஸ் இங்கிலீஷில். "எல்லாம் செம்பனை. பெயரும் மாறிவிட்டது. அங்கே போய் என்ன செய்யப்போகிறீர்கள்?"

"சும்மா பார்க்கத்தான். அது என் பெயர்."

"அது என் பெயர்" என்றேன் நான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மதர் பார்த்த அதே பார்வை. பிறகு அவர் முகம் சிவந்தது. கழுத்திலிருந்து காது வரை பழுத்த ரம்புத்தான் மாதிரி சிவந்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் சொன்னதையேதான், கிராணி ஐயா. ஆனால் அவர் உங்களைப் போல ஊதிக்கொண்டு சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எங்கள் குடும்பத்தால் உங்களுக்கு ஏதாவது தவறு நடந்திருந்தால்…" என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்கள்" என்றேன். "திரும்பும் வண்டியில் என்னோடு வாருங்கள். எங்கள் அப்பாவிடம் பேசுங்கள்."

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "என்ன லா, ஒம் பெரியப்பாவா? சாடையே சொல்லுது!"

"ரோட்டப் பாத்து ஓட்டுண்ணே. இல்லாட்டி நம்ம ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போக மாப்புள வண்டிதான் வரணும்."

புந்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் அவர் குனிந்து நுழையும்போது அப்பா கைலியோடு உட்கார்ந்து பொரித்த வாழைப்பழ பிசாங் கோரெங் தின்றுகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து, எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்க, வாங்க. நம்ம ஊருக்காரரு!" என்றார். அதை நான் மொழிபெயர்த்ததும் வெள்ளைக்காரர் திகைத்துப் போனார்.

அம்மா பால் டப்பா ஊற்றித் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் அதைக் குடித்துக்கொண்டே சொன்னதை நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். தோட்டம் போட்ட துரை அவருடைய தாத்தாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். காட்டை வெட்டி முடிப்பதற்குள் மலேரியா வந்து, இங்கிலாந்துக்குத் திரும்பி, முதல் உலகப் போருக்கு முன்பே இறந்துவிட்டார்.

அம்மாதான் முதலில் பிடித்தாள். "இருங்க. மாமா கப்பலேறினதே அந்தச் சண்ட முடிஞ்சப்பறம்தானே? அத்தையக் கட்டி, மொதப் புள்ளையத் தூக்கிட்டுல வந்தாரு?"

"ஆமா" என்றார் அப்பா.

"அப்ப அந்தத் தொரை என்ன, பேயா வந்தானா?"

உள்ளே மெஷின் நின்றது. அக்கா கதவருகில் வந்து நின்றாள்.

அப்பாவுக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை. அவருக்கு வேறு சந்தேகம். "இவரு பேருக்கு என்னா அர்த்தம்னு கேளு" என்றார். கேட்டேன்.

அது முதலில் ஆளின் பெயரே இல்லையாம். இங்கிலாந்தில் ஒரு கிராமத்தின் பெயராம். பழைய பாஷையில், ஓடைக்கரையில் காட்டை வெட்டித் திறந்த இடம் என்று அர்த்தமாம். அந்தக் கிராமத்திலிருந்து வெளியூர் போனவர்களை அந்த ஊர்க்காரன், அந்த ஊர்க்காரன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே குடும்பப் பெயராகிவிட்டதாம்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். தொடையைத் தட்டினார். தட்டில் மிச்சமிருந்த பிசாங் கோரெங் உருண்டு கீழே போனது.

"நான் சொல்லல? ஊர்ப் பேருன்னு நான் சொல்லல? அந்தக் கிராணிப்பய ஆள் பேருன்னான்! இவன் தாத்தனும் ஊர்ப் பேரத்தான் போட்டுக்கிட்டான், நானும் ஊர்ப் பேரத்தான் போட்டுக்கிட்டேன். ஆத்தங்கரையில காட்ட வெட்டின எடம்னா நம்ம தோட்டந்தானே லா! அது என்ன அவனுக்கு மட்டும் பேரு?"

வெள்ளைக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு கொஞ்சம் சிரிப்பு அடங்கி, அந்தக் கிராமம் இப்போது இல்லை என்றார். ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்று பழைய காலத்திலேயே ஆட்களை அப்புறப்படுத்திவிட்டார்களாம். ஒரு கோயில் சுவர் மட்டும் புல்லுக்குள் நிற்கிறதாம். பெயரும் அருகிவிட்டதாம். அவருக்குப் பிள்ளை இல்லை. தெரிந்தவரை அவரோடு முடிகிறது என்றுதான் நினைத்திருந்தாராம். அப்பா எங்களை வரிசையாகக் காட்டினார். நான், அக்கா, தம்பிமார், பெரிய தம்பியின் கைக்குழந்தை. "முடியலன்னு சொல்லு. புந்தோங்குல நெறைய ஸ்டாக்கு இருக்குன்னு சொல்லு." அப்படியே சொன்னேன். அவர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது.

அந்த ஞாயிறு அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் வேறு சபை, இருந்தாலும் வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு ஆஸ்பத்திரி டிரைவர்கள் மூலமாகச் சேதி அனுப்பியிருந்தேன். அம்மா, அத்தை, மாப்பிள்ளை மூவரும் வந்திருந்தார்கள். பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வெள்ளைக்காரரை அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இன்னார் என்று பெயரைச் சொன்னேன். எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். நான் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். "கேளும்மா. இவுங்க தொரை இங்க பொம்பள யாரையும் வெச்சிருந்தாரான்னு நேரா கேளு."

கேட்டேன். மறுபடி ரம்புத்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அம்மா, அவர் இங்கே இருந்த காலத்தில் பாதி நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். இந்தக் குடும்பம் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே இங்கிலாந்தில் செத்துவிட்டார். அவருடைய கல்லறையில் நான் பூ வைத்திருக்கிறேன்." நான் தமிழில் சொன்னேன், பஸ் நிலையத்துக்குக் கேட்கிற சத்தத்தில்.

அத்தை அக்காவின் கூந்தலை ஒரு முறை பார்த்தார். "எண்ணெ வெச்சிருக்கா" என்றார்.

"அலாமா, கிராணி என்னமோ சொன்னாரே!" என்று மாப்பிள்ளையின் அம்மா திரும்பினார். நீங்கள் இல்லை. பக்கத்துக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. உங்கள் குவளையில் பாதிக் கோப்பி அப்படியே இருந்தது.

அடுத்த வாரமே பரிசம். வெள்ளைக்காரர் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளையின் அம்மா அவரைப் பெண் வீட்டார் பாயில்தான் உட்காரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "ஒரே பேருன்னா பங்காளிதானே? அந்தப் பக்கம் போங்க." அவருக்குக் காலை மடக்க வரவில்லை. நாற்காலி போட்டோம். தட்டு மாற்றும்போது அப்பா ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்தார். வெற்றிலையும் வாழைப்பழமும் தேங்காயும் வைத்த தட்டை ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் அவருமாகப் பிடித்துக் கொடுத்தார்கள். அவர் பக்கம் தட்டு சாய்ந்து ஒரு தேங்காய் உருண்டது, மாப்பிள்ளை பிடித்துவிட்டார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் அல்லவா?

சில வருடம் கழித்து மாப்பிள்ளையின் ஊருக்குப் பெயர் மாற்றினார்கள், தெலுக் இந்தான் என்று. அக்கா அதற்குள் அங்கே ரெண்டு பிள்ளைகளோடு இருந்தாள். அப்பா செய்தியைக் கேட்டுவிட்டு, "அவங்க மாத்திட்டாங்க. நம்ம மாத்த வேணாம்லா" என்றார். மாற்றவில்லை. இங்கிலாந்தில் அந்தக் கிராமம் இல்லை, சுங்காய்ப் பக்கம் அந்தத் தோட்டமும் இல்லை. பெயர் புந்தோங்கில் எங்கள் வீட்டில் இருக்கிறது. தம்பி பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் சத்தமாகச் சொல்கிறார்கள்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அக்கா கல்யாணத்தில் நீங்கள் பிரியாணி சாப்பிட்டீர்கள். நான்தான் பரிமாறினேன். கேட்காமலே இறைச்சி கூடுதலாகப் போட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்படியிருந்தும் போன மாதம் புதுச் சாமியாரிடம் அதே கதை. இப்போது உங்கள் மச்சினன் மகளுக்கும் கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறது. இனி யாருக்காக இந்தப் பொய்? எங்கள் பாட்டி உங்களுக்கு என்ன செய்தாள்? அவளால் எழுந்து வந்து கேட்க முடியாது. ஆகவே நான் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் நீங்கள் மைக்கைப் பிடிப்பீர்கள். கல்யாண ஓலைகள் வாசிப்பீர்கள், பாடற்குழு ஒத்திகை நேரம் சொல்வீர்கள். அதோடு இதையும் சொல்லுங்கள். எங்கள் பாட்டி இந்த நாட்டில் கால் வைத்தபோது அந்தத் துரை உயிரோடு இருந்தாரா, இல்லையா? தோட்டத்து ஆபீசில், அந்த மீசைக்காரர் படத்துக்குக் கீழே நின்று, எங்கள் அப்பாவிடம் நீங்களே சொன்னது என்ன? பக்கத்துக் கதவைப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் முதல் பெஞ்சில் இருப்பேன். சபை முழுக்கக் கேட்க, மைக்கில், பதில் சொல்லுங்கள்.